விரலுக்குத் தெரியாத பாசி

மாசத்தில் பன்னிரண்டு நாள் கடலுக்குள் இறங்கியவள்
இப்போது இருபத்தியொரு நாளைக்கு ஒருதரம் மதுரைக்குப் போகிறேன்.
பாம்பன் பாலத்தில் பஸ் ஏறினால்
கீழே பார்க்க மாட்டேன்.
தண்ணீர் தெளிந்து கிடந்தால் மனசு குதித்துவிடும்.

முதல் நாலு ஊசியும் சிவப்பு.
மூத்திரமும் சிவப்பாய்ப் போனது.
பாறை கிழித்த விரலுக்கு அழாதவள்
கக்கூசில் நின்று அழுதேன்.
"ரத்தமில்லக்கா, மருந்து" என்றாள் நர்ஸ்.

அதற்குள் சின்னப்பாலம் முழுக்க வைத்தியம்.
ஆரோக்கியலீலா முள்சீத்தா இலை பறித்து வந்தாள்.
தொண்டி நாத்தனார் மஞ்சள் மாத்திரை.
தோஹாவிலிருந்து கொழுந்தன் அனுப்பிய டப்பாவில்
பச்சை மாத்திரை, கடற்பாசிச் சத்தாம்,
மூவாயிரத்து எழுநூறு.
மூடியில் இருந்த படம் கட்டக்கோரை.
துணி சுற்றிய விரலால் நான் பிடுங்கி
ஏஜெண்டு தராசில் கொட்டிய அதே கட்டக்கோரை.
தராசு சொன்ன விலை மட்டும் எங்கேயும் அச்சாகவில்லை.

எல்லாவற்றையும் பையில் அள்ளிப்போய்
டாக்டர் ஹசீனா மேசையில் கவிழ்த்தேன்.
திட்டுவார் என்று தலையைக் குனிந்தேன்
(மயிர் இல்லாத தலை, குனிந்தது நன்றாகத் தெரிந்திருக்கும்).
திட்டவில்லை.
வலையில் விழுந்ததைத் தரம் பிரிப்பதுபோல் பிரித்தார்.
இஞ்சி இந்தப் பக்கம், குமட்டலுக்குக் கொஞ்சம் கேட்கும்.
குழம்புக்கு மஞ்சள் போடு, அது சாப்பாடு.
மற்றதெல்லாம் அந்தப் பக்கம், ஊசி முடியும்வரை.

"கெட்டதா டாக்டர்?"
"தெரியாது. கிண்ணத்தில் வைத்த செல் செத்திருக்கு.
நீ கிண்ணமில்லையே.
ஊசியைச் சுமக்கிற ஈரல்தான் இதையும் சுமக்கணும்."

அப்போ இலை, வேர் எல்லாம் சும்மாவா என்றேன்.
சிரித்தார்.
இனி வாராவாரம் ஏறப்போகிற மருந்து
முதலில் ஏதோ குளிர்தேசத்து மரப்பட்டையில் கிடைத்ததாம்.
அடுத்த வார்டில் ரத்தப் புற்றுப் பையனுக்கு ஏறுவது
நித்யகல்யாணியில் எடுத்தது.

எங்கள் கல்லறை மணலில்
ஆடுகூட வாய் வைக்காத பூ.

"அப்போ பறித்தே தின்னலாமே?"
"எவ்வளவு என்று செடிக்குத் தெரியாதும்மா."

அது எனக்குப் புரிந்தது.
எத்தனை பாகம் இறங்கலாம்,
மூச்சு எந்த இடத்தில் திரும்பச் சொல்லும்,
கையெட்டும் தூரத்தில் கொத்தாய்ப் பாசி ஆடினாலும்
எப்போது விட்டுவிட்டு ஏறணும்.
அளவு தெரியாமல் போனவர்கள் இரண்டு பேரை
நான்தான் கரைக்கு இழுத்து வந்தேன்.

டப்பா இப்போது பரணில்,
என் கண்ணாடிக்கும் காலில் கட்டும் அலுமினியத் தகட்டுக்கும் பக்கத்தில்.
ஒருநாள் ஒரு மாத்திரையைப் பிரித்து மோந்து பார்த்தேன்.
எங்கள் கரை வாடைதான்.
திரும்ப மூடிவிட்டேன்.

புது மருந்தில் விரல்நுனி மரத்துப் போச்சு.
சட்டை ஊக்கு நழுவுகிறது. இஞ்சி தட்டுவது புருஷன்,
தோல்கூடச் சீவாமல்.

நேற்று நம்புச்செல்வி கடலிலிருந்து நேராக வந்தாள்,
தலை சொட்டச் சொட்ட,
கையில் ஒரு பிடி மரிக்கொழுந்துப் பாசி.
"மருந்துக்கில்ல. சும்மா பிடிச்சுப் பாரு."

பிடித்தேன்.
விரலுக்கு எதுவும் தெரியவில்லை.
கன்னத்தில் வைத்தேன்.
சில்லென்றது.