தோற்றவர் கேட்ட நகல்

நன்னிலம் முன்சீப் கோர்ட்டில்
பத்தொன்பது வருஷமாகத் தட்டச்சு.
ஒன்பது நீதிபதிகளின் மூச்சு எனக்குத் தெரியும்:
எந்த வாக்கியத்தில் வேகம் பிடிப்பார்கள்,
எதற்கு முன்னால் இருமித் தண்ணீர் கேட்பார்கள்,
தெரியாததை எந்தச் சொல்லால்
போர்த்தி மூடுவார்கள்.

ஒருவர் மதியத்துக்குள் தீர்ப்பை முடிப்பார்;
மன்னார்குடி பஸ் இரண்டே காலுக்கு.
ஒருவர் வெகு அழகாகச் சொல்வார்,
பழமொழி கட்டாயம் உண்டு,
கட்சிக்காரர் பெயர்தான் சிலசமயம் மாறிப்போகும்.

மெஹருன்னிசா அம்மா வந்தது ஓர் ஐப்பசியில்.
கோர்ட் வாசலில் கணுக்கால் தண்ணீர்.
கட்டில் மேலாக இருந்தது
வைரக்கண்ணு எதிர் உத்திராபதி.
ஒன்றரை முழ அகலத்தில் ஒரு கன்னி வாய்க்கால்;
இவர் வயலுக்கு அவர் வயல் வழியே
தண்ணீர் போனதா, போகலாமா,
போகவே இல்லையா.
இதற்குப் பதினோரு வருஷம்.

வக்கீல்கள் பேசும்போது
அம்மா பேனாவை மூடி வைத்துவிடுவார்.
'எழுதிக்கொண்டே கேட்டால்
எனக்கு வேண்டியது மட்டும் காதில் விழுகிறது.'

ஒரு சனிக்கிழமை வயலுக்கே போனோம்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
வரப்பில் வழுக்கி வழுக்கி நடந்தார்.
உத்திராபதி இளநீர் சீவி நீட்டினார்.
வைரக்கண்ணு பார்த்தபடி நின்றார்.
அம்மா தன் பாட்டிலைத் திறந்து
வெந்நீரைக் குடித்தார்.

அடைத்த மடைக்குப் பக்கத்தில் ஒரு நண்டு வளை.
அதன் வழியே நூலாய்த் தண்ணீர்,
எந்தத் தடையாணையும் கேள்விப்படாமல்
அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.
'இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்' என்றார்கள்
இரண்டு வக்கீலும் ஒரே நேரத்தில்.

தோற்கப்போவது உத்திராபதி என்று
சொல்லச் சொல்லவே தெரிந்துவிட்டது.
ஆனாலும் அவர் வாதத்தை
மூன்றுமுறை மாற்றி அடிக்கவைத்தார்.
'படித்தால் அவர்,
ஆமாம், நான் சொன்னது இதுதான் என்று சொல்லணும்.
அதுக்கப்புறம்தான் நாம இல்லேன்னு சொல்லலாம்.'

பழக்கத்தில் என் விரல்
'தெள்ளத்தெளிவாக' என்று அடித்துவிட்டது.
'தெள்ளத்தெளிவென்றால்
பதினோரு வருஷம் எதற்கு? எடுங்கள்.'
எடுத்தேன்.
அந்த இடம் அரைமணிநேரம் காலியாகக் கிடந்தது.
கரண்ட் போனது, வந்தது.
பிறகு மெதுவாகச் சொன்னார்:
சாட்சியத்தின் கனம்,
சிறிதே என்றாலும்,
வாதியின் பக்கம்.

பதினான்கு மாதம் கழித்து
திருவாரூர் மேல்முறையீட்டில் அது ரத்தானது.
பழைய 'அ' பதிவேட்டில்
குறிப்புக் கலத்தில் ஒரு வரி;
யாரும் எடுத்துக்காட்டாத வரி.

மேலிருந்து வரும் தாளை
மேசையில் வீசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.
அம்மா முகத்தைப் பார்க்காமல்
கேஸ் கட்டுக்கு நாடா சுற்றிக்கொண்டிருந்தேன்.
இரண்டு தடவை படித்தார்.
'சரியாத்தான் சொல்லியிருக்கிறார்.
அந்தக் கலத்தை நான் பார்க்கலை.'
மறுநாளிலிருந்து எந்த நில வழக்கிலும்
முதல் கேள்வி: குறிப்புக் கலத்தில் என்ன?

அம்மா மாற்றலாகிப் போன வாரம்
நகல் பிரிவு ஜன்னலில் உத்திராபதி.
'உங்க தீர்ப்பு திருவாரூர்லல்ல இருக்கு,
நீங்கதான் ஜெயிச்சிட்டீங்களே' என்றேன்.

'அது வக்கீல்கிட்ட கிடக்கட்டும்.
நான் தோத்தது வேணும்.
அதுலதான் நான் சொன்னது
நான் சொன்னாப்லயே இருக்காம்.
மவன் படிச்சான்.'

பதினாறு பக்கம்.
ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுத்தேன்.
மாமரத்தடியில் நின்று புரட்டி
என்னைக் கேட்டார்,
'நண்டு வளை எந்தப் பக்கம்?'
ஏழு என்றேன்.
அங்கே விரலை வைத்தபடியே
பஸ் ஏறினார்.