பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தாக

லாஜ்பத் நகர், இரண்டாம் மாடி.
கீழே மோமோ ஆவி, மேலே எங்கள் கிளினிக்கின் பினாயில்.
ஜஸ்னீத் குர்தாவை முழங்கை வரை சுருட்டி
மேசைமேல் கையை நீட்டினாள்,
ரத்தம் கொடுக்க வந்தவளைப் போல.
"இது எந்த மொழி, தெரிகிறதா?"

பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில்
படிக்கத் தெரிந்ததற்காக யாரும் என்னைத் தேடியதில்லை.
"இனியன்" என்றேன்.
சட்டென்று நிமிர்ந்தாள்.
மூன்று வருடம் கூட இருந்தும்
அவள் வாயில் அவன் "இன்யன்"தான்.
"இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்றாள்.
சொன்னேன்.
"போதும்."

கரோல் பாக்கில் குத்தியவன்
போனைப் பார்த்துப் படம் போல வரைந்திருக்கிறான்.
யகரம் சாய்ந்து நிற்கிறது.
கடைசி மெய்யின் தலையில்
புள்ளிக்குப் பதில், சிவப்பில் ஒரு குட்டி இதயம்.

டாக்டர் சூத் வழிகளைச் சொன்னார்.
லேசர் என்றால் எட்டு முறை, பத்து முறை,
உங்கள் தோலைக் கேட்டுத்தான் சொல்ல முடியும்.
வெட்டித் தைக்கலாம், பெயர் இருந்த இடத்தில் தையல் இருக்கும்.
மேலேயே இன்னொன்று குத்தலாம்,
பழையதைவிட மூன்று பங்கு பெரிதாக, இன்னும் கறுப்பாக.
"ஓர் ஆளை மறைக்க ஓர் எருமையா?" என்று சிரித்தாள்.
கல்யாணம் காட்சிக்கு மட்டும் என்றால்
கன்சீலர் போதும், வியர்க்காதவரை.
தில்லியில், வியர்க்காதவரை.

விலை சதுர அங்குலக் கணக்கு.
அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் வாங்கி ரசீது கிழிப்பவள்.
"மாதம் மூவாயிரம்தான் முடியும்.
பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தாக எடுங்கள்."
அப்படி யாரும் செய்வதில்லை என்றார் டாக்டர்.
அவள் அப்படித்தான் செய்தாள்.

பச்சை குத்துவது என்கிறோம் நாம்.
மையோ கறுப்பு.
நிஜப் பச்சைதான் லேசில் போகாது,
நல்லவேளை, அவள் கையில் பச்சை இல்லை.

இருவரும் கண்ணாடி மாட்டிக்கொண்டோம்.
ரப்பர் பேண்டைச் சுண்டும் சத்தம்,
தீய்ந்த மயிர் வாசனை,
தோல் வெள்ளையாகப் பொங்கி அடங்கும்.
ஒளி மையை உடைக்கத்தான் செய்யும்.
அள்ளிக்கொண்டு போவது அவள் உடம்பு,
வீட்டுக்குப் போனபின், தூக்கத்தில்,
தவணை தவணையாக.

மூடுபனி மாதத்தில் இதயம் போயிற்று.
"இப்போது என்ன இருக்கிறது?"
"இனியன. இனிமையானவை. பலவற்றைச் சொல்வது."
"பலவா!"
உதட்டைப் பிதுக்கினாள்.

வெயில் படக்கூடாது என்று சொல்லியிருந்தோம்.
மே மாதம் மெட்ரோவில்
முழுக்கை போட்டு அதன்மேல் துப்பட்டா சுற்றி வந்தாள்,
நீண்ட பொய் ஒன்றைத் தூக்கி வருபவள் போல.
மழை முடியும்போது னகரம் இல்லை.
"இனிய."
"முடிந்ததா?"
"இல்லை, பின்னால் ஏதாவது வரவேண்டும்.
காலை, பயணம், பிறந்தநாள்..."
"காலை ஆறு மணிக்கு அனுப்புவான்" என்றாள்,
"ரோஜாப்பூ படத்தோடு. தினமும்.
என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்டதேயில்லை."
இயந்திரம் சூடாகும்வரை நாங்கள் பேசவில்லை.

யகரம் பிடிவாதக்காரி.
நான்கு முறை. கொப்புளம், களிம்பு,
ஒரு தீபாவளி, இன்னொரு மூடுபனி.

கடைசியில் இரண்டே எழுத்து.
"இனி" என்றேன். இந்தியில், "அப் ஸே."
"அப் ஸே... க்யா?"
எனக்கென்ன தெரியும்.
அவள் கொஞ்ச நேரம் கையையே பார்த்தாள்.
"இது இருக்கட்டும்" என்று
பாக்கி அறுநூறைக் கட்டிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

படிக்கட்டுத் திருப்பத்தில்,
குழல்விளக்கின் சாய்ந்த வெளிச்சத்தில், கையசைத்தாள்.
இரண்டெழுத்துக்கு அப்பால்
சுற்றுத்தோலைவிட ஒரு சாயல் வெளுத்து
யகரமும் னகரமும் அப்படியே நின்றன.
போகப்போகச் சேர்ந்துவிடலாம், சேராமலும் போகலாம்.
இந்தத் தெருவில் அதைப் படிக்கக்கூடியவள் நான் ஒருத்தி.

நானும் கையசைத்தேன்.
புள்ளி மட்டும் இல்லை.