மொத்த எடை

டிசம்பரில் என் கை மணக்கும்.
ஜில்லோ விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகையில்
பதினேழு வருஷமாய் எடை போடுகிறேன்.
லெச்சிப் பெட்டிகள் வரிசையில் நிற்கும்,
மனிதர்கள் அவற்றுக்குப் பின்னால்.

எல்லோரும் கேட்பது இதுதான்:
எவ்வளவு நேரம்?
பதினோரு மணி நேரம்.
எவ்வளவு தூரம்?
ஒன்பதாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
சொச்சம் என்றால்?
காற்றைப் பொறுத்தது.

மதாம் லச்சுமாயா கேட்டது வேறு:
"இது கறுக்க எத்தனை நாள்?"

சேன்-பெனுவாவிலிருந்து முதல் பேருந்தில் வந்திருந்தாள்.
விடியுமுன் பறித்த கொத்துகள்,
இலையும் காம்பும் அப்படியே.
மழை ஈரம் அட்டையில் ஊறி
பெயரைக் கொஞ்சம் கலைத்திருந்தது.
தியெரி லச்சுமாயா. ஒரு கைபேசி எண்.
விலாசம்?
"அது மாறிக்கொண்டே இருக்கும்.
அங்கே வந்து எடுத்துக்கொள்வான்."

ஐந்து கிலோ நூற்றிருபது.
எழுதினேன். அவள் உரக்கப் படித்துச் சரிபார்த்தாள்.

இரவு ஒன்பதுக்குக் கிளம்பியது.
அங்கே அப்போது மாலை ஆறு.
மேலே முந்நூறு பேர் கழுத்து கோணித் தூங்க
கீழே இருட்டில் பெட்டி
மடகாஸ்கரைத் தாண்டியது, பாலைவனத்தைத் தாண்டியது,
அதிகாலை ஐந்துக்கு ஓர்லி.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு.
எனக்குத் தெரிந்த தூரம் அவ்வளவுதான்.

ஓர்லியின் கிடங்கிலிருந்து
தியெரியின் கைபேசி வரைக்கும் உள்ளதை
எந்த அட்டவணையிலும் போடவில்லை.
மணி அடித்தது, என்கிறது தாள்.
திங்கள் இருமுறை. செவ்வாய். வியாழன் ஒருமுறை.

ஆறாம் நாள் வந்த தாள் அது.
பெறுவார் இல்லை. அழிக்கப்பட்டது.
அழிக்குமுன் எடை நான்கு கிலோ அறுநூற்றுப் பத்து.
அங்கேயும் என்னைப்போல் ஒருவன் இருக்கிறான்,
குப்பைக்குப் போவதையும் நிறுத்துப் பார்க்கிறவன்.

மறுநாள் வந்தாள். அதே முதல் பேருந்து.
தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து
ஒரு விரலை ஓர் எண்ணில் வைத்தாள்,
மறு விரலை மற்றதில்.
"அரைக் கிலோ குறைகிறதே."
"ஆமாம், மதாம்."
"அப்படியென்றால் வந்திருக்கிறான்.
அவசரம் போல. கைநிறைய அள்ளிக்கொண்டு ஓடியிருப்பான்.
எப்போதுமே அப்படித்தான், பெட்டியோடு எடுக்கமாட்டான்."

பறித்த பழம் காயும்.
காம்பு முதலில், பிறகு தோல்.
ஐந்து கிலோவுக்கு அரைக் கிலோ
வெறும் நீராய்ப் போய்விடும் என்பது
வருஷா வருஷம் புகார் சொல்ல வருகிறவர்களிடம்
நான் ஒப்பிக்கிற வாசகம்.

வாயைத் திறந்தேன்.
பின்னால் வரிசை முனகியது.

"ஐந்நூற்றுப் பத்து கிராம்," என்றேன்.

விரல் மடக்கி எண்ணினாள்.
"இருபத்தைந்து பழமாவது இருக்கும், இல்லையா?"

கொட்டையையும் சேர்த்து, என்றேன்.