கற்குவியல் பற்றிய கோப்பு

கோப்பு தடித்துவிட்டது.
இரண்டு ஆர்ப்பான் கரும்பு, நடுவில் ஒரு கற்குவியல்,
அதற்கு நூற்றுப் பதினெட்டுப் பக்கம்.

விண்ணப்பதாரர் தைலம்மா கூர்ப்பென், ஷமாங் கிரெனியே.
கோரிக்கை: குவியலை அகற்ற அனுமதி.
காரணம் எழுதும் கட்டத்தில்
மகன் கையெழுத்தில் ஒரே வரி:
மெஷின் திரும்ப இடமில்லை.

நேரில் போய்ப் பார்த்தேன். உண்மைதான்.
வெட்டும் இயந்திரம் கல்லில் மூக்கை முட்டி நின்று
பீப் பீப் என்று பின்வாங்குகிறது.
டீசல் தைலம்மாவின் கணக்கு.
கையால் வெட்டிய வங்காளதேசத்துப் பையன்கள் இருவரும்
ஹோட்டல் சலவைக்கூடத்துக்குப் போய்விட்டார்கள்.
அங்கே வெயிலில்லை, சம்பளம் தேதி தவறாது.

ஆட்சேபணை மேட்டிலிருந்து வந்தது.
இருபத்திரண்டு வில்லா, வீட்டுக்கொரு நீச்சல்குளம்.
வழக்கறிஞர் நல்ல பிரெஞ்சில் எழுதியிருந்தார்:
கரும்பின் பச்சை, கல்லின் கருமை, அப்பால் கடல்,
மூன்றும் சேர்ந்ததே இந்த நாட்டுப்புறத்தின் முகம்,
கல்லை அடுக்கிய மூதாதையரின் வியர்வை
இன்னும் அதில் காயவில்லை.
இணைப்பு ஏழு: விற்பனைப் புத்தகத்தின் அட்டை.
அட்டையில் தைலம்மாவின் குவியல்,
அந்தி வெளிச்சத்தில்.
அழகாய்த்தான் இருக்கிறது, நான் மறுக்கவில்லை.

என் படிவத்தில் பத்தி பதினொன்று, காட்சித் தாக்கம்.
குறைவு, நடுத்தரம், கடுமை.
ஒன்றை டிக் செய்ய வேண்டும்.
எங்கே நின்று பார்க்கும்போது என்று படிவம் கேட்பதில்லை.
நான் வயலுக்குள் நின்றேன்.
கரும்பு தலைக்கு மேல்.
கடல் தெரியவில்லை.

சூயாக்கில் விசாரணை. மின்விசிறி ஓடவில்லை.
தைலம்மா காவடிக்குக் கட்டுகிற சேலையில் வந்திருந்தார்.
வியர்வையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.
"தோட்டக் கம்பெனி இதை எங்களுக்கு விற்றபோது
கல்லின் அடியில் கிடந்த மண்ணுக்கும் சேர்த்தே காசு வாங்கினார்கள்.
கல் என் பேரில், கடன் என் பேரில்.
காட்சி யார் பேரில்?"

தலைவர் பேனாவை மூடினார், திறந்தார்.

"அவர்களுடையதென்றால் எடுத்துக்கொண்டு போகட்டும்.
என்னுடையதென்றால் இது பாக்கி."
கைப்பையிலிருந்து ஒரு காகிதம்:
இருபத்திரண்டு வீடு, ஒரு பார்வை,
நாளுக்கு ஒரு ரூபாய், ஒன்பது வருஷம்.
எழுபத்திரண்டாயிரத்து இருநூற்று எழுபது.
லீப் வருஷ நாள்களைச் சேர்க்கவில்லை என்றார்.

யாரோ சிரித்தார்கள்.

அன்றிரவு சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன்.
அடுத்தவன் நிலம் வழியே நடக்க உரிமை உண்டு,
தண்ணீர் ஓட உண்டு,
ஜன்னல் வைத்துப் பார்க்கவும் ஒரு மூலையில் உண்டு.
பார்க்கப்படுவதற்குக் கூலி எங்குமில்லை.

தீர்ப்பு சமரசமானது:
மேட்டிலிருந்து தெரியும் பக்கம் அப்படியே இருக்கட்டும்,
பின்பக்கத்தைக் குடைந்து எடுத்துக்கொள்ளலாம்.
எல்லோரும் கைகுலுக்கினார்கள்.
அளவுக் கோடு போட்டவன் நான்,
சிவப்புப் பெயின்ட், ஒரு முழு டின்.

மெஷின் திரும்பியது, ஒரு அறுவடைக்கு.

பிப்ரவரிப் புயல்மழையில்
முதுகில்லாத முகம் நிற்கவில்லை.
ஏழு வரிசைக் கரும்பின் மேல் கவிழ்ந்து கிடந்தது.
வில்லாக்காரர்கள் மறுபடி அடுக்கித் தரச் சொல்கிறார்கள்.
காப்பீட்டுக்காரர் கல்லுக்குப் பாலிசி இல்லை என்கிறார்.
துறையிலிருந்து எனக்கொரு கேள்வி:
சரிந்தது காட்சியா, இடிபாடா,
உடனே பதிலனுப்பவும்.

இன்னும் அனுப்பவில்லை.

இதற்கிடையே மாதாமாதம் முதல் தேதி
தைலம்மாவின் பில் வந்துவிடுகிறது.
யாரும் செலுத்துவதில்லை.
பக்க எண் போட்டுக் கோப்பில் சேர்க்கிறேன்,
அதுதான் என் வேலை.
புயலுக்குப் பின் வந்ததில்
தொகையை அடித்துத் திருத்தியிருந்தார்,
பக்கத்தில் பச்சை மையில் ஒரு குறிப்பு:
பாதிதான் தெரிகிறது, பாதி வாடகை போதும்.