இருபத்துநான்கில் ஒன்று

ஓய்வுபெற்ற பின் வந்த முதல் திங்கட்கிழமை
ஐந்தரைக்கே எழும்பி முகம் வழித்தேன்.
சேர்ட் பொக்கற்றில் பேனையும் குத்தியாயிற்று.
படியிறங்கும்போதுதான் தவமலர் கேட்டாள்:
“எங்க?”
பாண் வாங்க என்றேன்.
பாண் ஏற்கெனவே மேசையில் இருந்தது.

முப்பத்திரண்டு வருஷம் காப்புறுதிக் கொம்பனியில்
நொறுங்கிய கார்களுக்கு விலை சொன்னவன் நான்.
பம்பர் இவ்வளவு, ரேடியேற்றர் இவ்வளவு,
கறள் பிடித்த நெளிவு பழைய சேதம்,
அதற்குக் காசில்லை.
பொரளையில், களனிப் பாலத்தடியில்,
ஒருகொடவத்தைக் கராஜ்களின் எண்ணெய்ச் சேற்றில்
முழந்தாளிட்டு டோர்ச் அடித்தேன்.
முழுதாய் இருந்த ஒரு காரை
வேலை நேரத்தில் கண்டதேயில்லை.

அலுமாரிக்கு மேலே ஒரு பெட்டி.
கெய்சர் வீதியில் வாங்கிப் பதினொரு வருஷம்.
பிரித்தால், வெள்ளை பிளாஸ்ரிக்கில் ஒரு வொக்ஸ்வாகன்,
நூற்றெட்டுத் துண்டுகளாய்,
காம்பு கிள்ளாத காய்கள் மாதிரிச்
சட்டத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.
ஒரு விபத்தைப் பின்னோக்கி ஓட்டினால்
இங்கேதான் தொடங்க வேண்டும் என்று நினைத்தேன்.

அளவு: இருபத்துநான்கில் ஒன்று.
கணக்குப் பார்க்கிற பழக்கம் போகாது.
ஒரு நாளில் அது ஒரு மணித்தியாலம்.
அந்தக் காருக்குப் பக்கத்தில் என் உயரம் ஏழு சென்ரிமீற்றர்.
சேமலாப நிதியின் வட்டியோ,
ஏற்கெனவே அந்த அளவில்தான் வருகிறது.

பாணந்துறை ரயில் போகும்போது மேசை நடுங்கும்.
தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடி
கடவையில் நிற்கும் ஓட்டோ மாதிரிக் காத்திருப்பேன்.
ஒக்டோபர் மழையில் பெயின்ற் காயாது,
வெள்ளவத்தைக் கடலின் உப்பு வேறு.
முகப்பு விளக்கொன்று தொலைந்து மூன்றாம் நாள்
சம்பா அரிசி களையும்போது தவமலர் எடுத்துத் தந்தாள்:
“கல்லெண்டு எறியப் பாத்தன்.”

கீழ்வீட்டு அபேநாயக்க வந்து பார்த்தார்.
இலக்கத் தகட்டில் ஸ்ரீ போடுங்கள்,
அந்தக் காலத்து வண்டிக்கு அதுதான் அழகு என்றார்.
தேத்தண்ணி குடித்தோம்.
தகட்டை வெறுமையாய் விட்டேன்.

பின் இருக்கைக்கு வந்தபோது கை நின்றது.

கடுவலையில் ஒருமுறை, ஒரு சனிக்கிழமை,
முன்பக்கம் முழுக்க மடிந்துபோன ஒரு சன்னி.
பின் இருக்கையில் ஒற்றைச் செருப்பு,
என் உள்ளங்கையில் பாதியும் வராது.
படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டமும் இல்லை.
“பின் இருக்கை: சேதமில்லை” என்று எழுதினேன்.
அது உண்மைதான்.
கையெழுத்தும் வைத்தேன்.

கூரையை ஒட்டினால் பிறகு உள்ளே கை போகாது.
இரண்டு கிழமை ஒட்டாமல் வைத்திருந்தேன்.
இருக்கைக்குப் பால்கோப்பி நிறம் பூசினேன்,
காய்ந்ததும் மறுபடி பூசினேன்,
இல்லாத தூசியைத் துடைத்தேன்.
மிச்சச் சட்டத்தில் எள்ளளவு சீவி நீலம் தொட்டேன்.
இன்னொன்றும் சீவினேன்.
சோடியாக, இருக்கையின் கீழ்.
தவமலர் ஒன்றும் கேட்கவில்லை.
கண்ணாடி போடாவிட்டால் அவளுக்கு அது தெரியாது.
அன்று கண்ணாடி போட்டிருந்தாள்.

நேற்றுக் கூரையை வைத்து அழுத்திப் பிடித்திருக்கையில்
ஒபிசிலிருந்து கோல்.
என் கதிரைக்கு வந்த பெடியன் றிஸ்மிக்கு
ஏதோ பழைய ஃபைல் விளங்கவில்லையாம்.
எனக்கு இரண்டு கையும் காரில்.
அறுபது வரை எண்ண வேண்டும்,
முப்பத்தெட்டில் நிற்கிறேன்.

தவமலர் எடுத்தாள்.
“அவர் வேலையில நிக்கிறார் தம்பி,
பிறகு எடுங்கோ.”

முப்பத்தொன்பது.
இடது மட்கார்ட் ஒரு மயிரிழை விலகி நிற்கிறது.
பழைய சேதம்.
அதற்குக் காசில்லை.