முள் நாற்பத்தைந்து

ஆயர் ஈத்தாம், பதினோராவது மாடி.
ஈரம் உறிஞ்சும் இயந்திரம்
இரவுக்கு ஒரு வாளி தண்ணீர் தருகிறது.
கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறேன்.
முள் நாற்பத்தைந்தில் நின்றால்தான்
பசைப் புட்டியைத் திறப்பேன்.

பக்கங்கள் அங்சானா.
காற்றில் சாய்ந்த மரம், நகராட்சி லாரி ஏற்றுமுன்
பேரம் பேசி எடுத்தது.
சூட்டுக்குழாயில் வளைத்தபோது
வீடெல்லாம் மழை விட்ட தெருவின் மணம்.

முகப்புக்கு ஸ்புரூஸ். இரு விரலில் தொங்கவிட்டுத்
தட்டுகிறேன்.
நேற்று வெறும் அட்டைப்பெட்டி.
இன்று, நான்கு சீவல் கழிந்து,
யாரோ தூரத்தில் கதவைத் தட்டுகிறார்கள்.
இன்னொன்று சீவலாமா?
சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.
அப்படிக் கெட்டது ஒன்று கட்டிலடியில் கிடக்கிறது,
அடிவயிற்றில் மட்டுமே பேசும்.

ஆறு எஃகுத் தந்திகளும் சேர்ந்து இழுப்பது
எழுபது கிலோ சொச்சம்.
ஏறக்குறைய பூன் சியாங்கின் எடை.
கித்தார் சொல்லிவைத்தவர். இடக்காது கேட்காது.
அதன் தோளில் தாடையைப் பதித்து
ஒவ்வொரு தந்தியாய் எலும்பால் கேட்டார்.
மூன்றாவதில் நின்று
“மாசாம்” என்றார்.
புளிப்புதான். எனக்கும் தெரிந்திருந்தது,
சொல்லாமல் விற்கப் பார்த்தேன்.
துளைக்குள் கைவிட்டு
வெங்காயத் தோலளவு சுரண்டினேன்.

மீதிப் பணம் சம்பளத்தன்று.
அதுவரை சுவரில் தொங்கட்டும்.

கீழே ரொட்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.
யாரும் தொடாத ஐந்தாவது தந்தி
ஏதோ முனகுகிறது.
சரியாகக் கேட்க
இயந்திரத்தை நிறுத்திவிட்டு நிற்கிறேன்.

முள் நாற்பத்தாறு.
நாற்பத்தேழு.