கடன் புத்தகம்

சுங்காய் செம்பனை ஆலையில்
எடைப்பாலத்துக் கண்ணாடிக் கூண்டு என்னுடையது.
லோரி ஏறும். இரும்புத் தகடு முனகும்.
பதினாறு டன் எழுநூறு என்று வாய் சொல்லிமுடிப்பதற்குள்
எழுநூறா, எண்ணூறா?
ஹஸ்னுல் சிரிக்கமாட்டான்.
இறங்கி, சுற்றி வந்து, திரும்பவும் ஏற்றி நிறுத்துவான்.

பதினோரு வருடமாய்
காலை ரொட்டிக்குப் பிறகு
நாக்கில் ஒட்டிக் கசக்கும் சின்ன வெள்ளை மாத்திரை.
முதலில் முகம் உப்பியது.
அடையாள அட்டையைப் பார்த்து, என்னைப் பார்த்து,
நீதானா என்று இரண்டு முறை கேட்டாள் வங்கிக்காரி.
பிறகு எலும்பு.
பிறகு இந்த ஓட்டை.

டாக்டர் நோராய்னி மூன்று சொல் கொடுத்தார்:
பாயோங், பீசாங், கூஞ்சி.
ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது
குடை மட்டும் இருந்தது,
அதுவும் தமிழில்.
மாத்திரையைக் குறைக்கலாமா என்றேன்.
குறைத்தால் சிறுநீரகம் கோபித்துக்கொள்ளுமாம்.
இரண்டையும் நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார்,
போயும் போயும் என்னிடம்.

அதனால்தான் 555.
மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்தக் குட்டிப் புத்தகம்.
கேஸ் மூடியாச்சு.
எட்டு மணி மாத்திரை போட்டாச்சு.
எட்டு மணி மாத்திரை போட்டாச்சு.
பச்சைக் கதவு வீட்டுக்காரி பெயர் மல்லேஸ்வரி,
அக்கா என்று கூப்பிட்டுச் சமாளிக்காதே.

நேற்று பழைய புத்தகம் ஒன்றில்
என் கையெழுத்து, அடியில் இரண்டு கோடு:
குணாளனோடு இனிப் பேசுவதில்லை.

காரணம் எழுதவில்லை.
மறக்கவே மாட்டேன் என்று நினைத்திருப்பேன்.

குணாளன் என் தம்பி.
அடிவயிற்றின் வலப்பக்கம்
தடவினால் கைக்குத் தட்டுப்படுவது
அவனுடையது.

பணமா? வீடா? அவன் பெண்டாட்டி சொன்ன ஏதாவதா?
அந்தப் பக்கத்துக்கு முன்னும் பின்னும் தேடினேன்.
வெங்காயம். மின்சார பில். ரத்தம் எடுக்கும் தேதி.
கோபத்தையும் தேடினேன்.
அடுப்பணைத்த தோசைக்கல்லில் இருக்குமே,
அந்தச் சூடு இருந்தது.
தோசையைக் காணோம்.

மழை பிடித்துக்கொண்டது. லோரி எதுவும் வரவில்லை.
கூண்டுக்குள்ளிருந்து அழைத்தேன்.
நான்காவது மணியில் எடுத்தான்.
அக்கா? என்றான்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
அவனுக்கு ஞாபகம் இருக்கிறது.
மூச்சு விட்டதில் தெரிந்தது.

மாத்திரை போட்டியா, என்றான்.

இரு, பார்க்கிறேன் என்று
இன்றைய பக்கத்தைப் புரட்டினேன்.